எம்டனின் நான்காவது புகைபோக்கி: ஒரு பினாங்கு நாட்குறிப்பு

வெள்ளி

ஈப்போவில் ரயில் ஏறி பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஃபெரியில் பினாங்குக்குக் கிளம்பினோம். நானும் என் தங்கை மகன் கவினும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டான். ஓவியம் படிக்க வேண்டும் என்கிறான். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் விருந்து, விசேஷம் என்று எங்கே போனாலும் "ஓவியம் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போற?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். தேர்வு நெருங்கினால் கணிதத்துக்கு முதலில் தாரை வார்க்கப்படுவது என் பாடவேளைதான். அந்தக் கேள்வி எனக்கும் வலிக்கும்.

அதனால் இந்தப் பயணத்துக்கு ஒரு நோக்கம் வைத்தேன். போர் வந்தபோது ராணுவங்களே ஓவியர்களையும் நாடகமேடைக் கலைஞர்களையும் தேடிப்போய்ச் சேர்த்துக்கொண்ட வரலாறு இருக்கிறது. எதிரியின் கண்ணை ஏமாற்றுவதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதை வீட்டில் உட்கார்ந்து சொல்வதைவிடப் பினாங்கில் நடந்துகொண்டே சொல்வது நல்லது. ஏனென்றால் அதன் ஒரு பகுதி இந்தக் கடலிலேயே நடந்தது.

ஃபெரியின் மேல்தளத்தில் நின்றுகொண்டு அவனுக்கு எம்டன் கதையைச் சொன்னேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த அதே ஜெர்மன் கப்பல். நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. சென்னைக் கதை தெரிந்த அளவுக்கு அது ஒரு மாதம் கழித்துப் பினாங்குக்கு வந்த கதை நமக்குத் தெரிவதில்லை.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த யார்மத் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்கு நான்கு. எம்டனின் மாலுமிகள் மரச்சட்டமும் பாய்த்துணியும் கொண்டு நான்காவதாக ஒரு புகைபோக்கி செய்து நிறுத்தினார்கள். அக்டோபர் 28, விடியற்காலை 5 மணி வாக்கில், அந்தப் போலிப் புகைபோக்கியோடு நேராகத் துறைமுகத்துக்குள் வந்தது கப்பல். மங்கல் வெளிச்சத்தில் பார்த்தவர்கள் புகைபோக்கிகளை எண்ணினார்கள். நான்கு இருந்தது. நம்ம கப்பல் என்று விட்டுவிட்டார்கள். சுடுவதற்கு முன்னால் எம்டன் தன் ஜெர்மன் கொடியை ஏற்றியது. அங்கே நங்கூரமிட்டிருந்த ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. அதன் தலைவர் அன்று கரையில் இருந்தார். 81 மாலுமிகள் இறந்தார்கள், 129 பேர் காயப்பட்டார்கள். திரும்பிப் போகும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது.

"ஒரு துணியால 81 பேரா, பெரியம்மா?" என்றான் கவின்.

ஆமாம். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சாகசமாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் அறைக்குப் போய்ப் பையை வைத்ததும் முதலில் போனது ஜாலான் உத்தாமாவில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான். பழையவர்கள் வெஸ்டர்ன் ரோடு கல்லறை என்பார்கள். ஷெம்சுக் மாலுமிகளின் நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. பெரிய மரங்கள், ஈர மண், கொசு. கவின் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தான். நான் தடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

இரவு தே தாரேக் குடித்துக்கொண்டே மீதியைச் சொன்னேன். பன்னிரண்டே நாளில், நவம்பர் 9 அன்று, எம்டன் கோகோஸ் தீவுக்குப் போனது. அங்கிருந்த தந்தி நிலையத்துக்காரர்கள் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். நான்காவது புகைபோக்கி போலி என்று தெரிந்துபோனது. உடனே தந்தி அடித்தார்கள். ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி வந்து எம்டனைத் தீர்த்துக்கட்டியது. அரை இருட்டில் நின்று பிடித்த துணி, பகலில் நிற்கவில்லை. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று யோசிப்பது மாலுமியின் தொழில் அல்ல. அதை யோசிப்பது ஓவியனின் தொழில்.

மூன்று வருடம் கழித்து, 1917இல், பிரிட்டிஷ் கடற்படை அந்தத் தொழில்காரர்களிடமே போனது. நார்மன் வில்கின்சன் என்ற கடல் ஓவியர் ஒரு யோசனை சொன்னார். கடலில் கப்பலை ஒளிக்க முடியாது, புகை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைக் குழப்பிவிடலாம். அப்படிச் செய்தால் நீர்மூழ்கியில் இருப்பவன் தப்பான இடத்துக்கு டார்பிடோ விடுவான். கறுப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கோணல் பட்டைகள் தீட்டினார்கள். லண்டன் ராயல் அகாடமியின் அறைகளில் குட்டி மாதிரிக் கப்பல்களுக்கு வண்ணம் தீட்டி, சுழலும் மேசையில் வைத்து, பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துச் சோதித்தார்கள். அந்த வேலையில் பெண் ஓவியர்கள் நிறையப் பேர். இது எத்தனை கப்பல்களைக் காப்பாற்றியது என்று புள்ளிவிவரத்தில் உறுதியாகக் காட்ட முடியவில்லை என்று பின்னால் விசாரித்த குழு சொன்னது. கப்பலில் இருந்தவர்களுக்குத் தைரியம் கூடியது என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்தே சொன்னேன். கவினுக்கு நல்ல பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது.

சனி

ரொட்டி சானாயில் பசியாறிவிட்டு லெபோ ஆர்மேனியன். சுவரோவியங்களுக்காகவே அந்தத் தெருவில் கூட்டம் நிற்கிறது. எர்னஸ்ட் ஸகரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் 2012இல் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் படம்தான் எல்லோரும் தேடுவது. சைக்கிள் நிஜம், சுவரில் பதித்தது. பிள்ளைகள் வண்ணம். பக்கத்திலேயே லெபோ ஆ குயீயில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் பையனும் இதே முறையில் இருக்கிறார்கள்.

வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு ஆர்வமில்லை. ஓரமாக நின்று நிழலைப் பார்த்தோம். சைக்கிளின் நிழல் நிஜம். பிள்ளைகளின் மேல் இருக்கும் நிழல் தீட்டியது. காலையில் ஒரு மாதிரி இருந்தது. மதியம் மறுபடி வந்து பார்த்தால் சைக்கிளின் நிழல் வேறு இடத்தில் இருக்கிறது, பிள்ளைகளின் நிழல் அப்படியே இருக்கிறது. "கவனிச்சுப் பாத்தா தெரியுது. ஆனா கண்ணு அதை மன்னிச்சிடுது" என்றான் கவின். நல்ல பையன். நிஜமான ஒரு பொருளைக் கண் பிடித்துக்கொண்டதும், பக்கத்தில் இருக்கும் பொய்யையும் சேர்த்து நம்பிவிடுகிறது. அமெரிக்க ராணுவத்தில் ஒரு முழுப் படைப்பிரிவே இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் வேலை செய்தது.

23ஆம் தலைமையகச் சிறப்புப் படை. பிற்காலத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் பேய்ப்படை. 1944 ஜனவரியில் அமைத்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 1,100 பேர். இரண்டு டிவிஷன், அதாவது 30,000 பேர் வரை இருக்கிற மாதிரி காட்டுவது இவர்கள் வேலை. உருமறைப்புப் பிரிவில் கலைக்கல்லூரி மாணவர்களும் விளம்பர ஓவியர்களும் இருந்தார்கள். பின்னாளில் பெரிய நவீன ஓவியரான எல்ஸ்வொர்த் கெல்லி, ஆடை வடிவமைப்பில் புகழ்பெற்ற பில் பிளாஸ், பறவை ஓவியர் ஆர்தர் சிங்கர் எல்லோரும் அங்கே இருந்தவர்கள்.

ரப்பரில் ஊதி நிறுத்தும் ஷெர்மன் டாங்கிகள் வைத்திருந்தார்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு டாங்கியைத் தூக்கிவிடலாம். அதை வெறுமனே வயலில் நிறுத்தினால் விமானத்தில் இருந்து பார்ப்பவன் நம்ப மாட்டான். டாங்கி வந்தால் மண்ணில் தடம் இருக்க வேண்டுமே. அதனால் புல்டோசரை ஓட்டித் தடம் போட்டார்கள். தடம் நிஜம், டாங்கி ரப்பர். உருமறைப்பு வலையை மேலே போட்டார்கள், ஆனால் அங்கங்கே கொஞ்சம் தெரியும்படி விட்டார்கள். முழுசாக மறைத்தால் எதிரி பார்க்க மாட்டான், முழுசாகக் காட்டினால் சந்தேகப்படுவான். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற கை இருக்கிறதே, அது படம் வரைந்து பழகிய கை.

ஓவியர்களோடு ஒலிக்காரர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் ஃபோர்ட் நாக்ஸ் முகாமில் டாங்கி ஓடும் ஓசை, பாலம் கட்டும் ஓசை எல்லாம் பதிவு செய்து, பெரிய ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றி இரவில் ஒலிக்கவிட்டார்கள். 24 கிலோமீட்டர் தூரம் வரை கேட்குமாம். ரேடியோக்காரர்கள் வேறு படைப்பிரிவின் தந்தியாளர் எப்படித் தட்டுவார் என்று கேட்டு, அதே கைவாகில் தட்டினார்கள். இன்னும் சிலர் வேறு படையின் தோள்பட்டை முத்திரையைத் தைத்துக்கொண்டு ஊருக்குள் போய், கடையில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினார்கள், ஒற்றர் காதில் விழட்டும் என்று. ஒரு நாடகக்குழு தெருவில் இறங்கிய மாதிரிதான்.

பெரிய ஆட்டம் 1945 மார்ச்சில். ரைன் நதியை அமெரிக்காவின் ஒன்பதாம் படை ஓரிடத்தில் கடக்க, இவர்கள் வேறோரிடத்தில் நூற்றுக்கணக்கான ரப்பர் வண்டிகளோடு கடக்கப்போவது போல் காட்டினார்கள். நிஜமாகக் கடந்த இடத்தில் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தது.

சைக்கிள் என்றதும் மலாயாவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1941 கடைசியில் ஜப்பானியர் வடக்கிலிருந்து சைக்கிளில் இறங்கி வந்தார்கள். வெயிலில் டயர் வெடித்துப் போனால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான ரிம்கள் உருளும் சத்தம் இரவில் டாங்கி வருகிற மாதிரி கேட்டதாம். பட்டாசு கொளுத்திப் போட்டுத் துப்பாக்கிச் சத்தம் போலக் காட்டிப் படைகளைக் கலைத்ததும் நடந்திருக்கிறது. பயந்து போயிருக்கும் காதுக்குக் கொஞ்சம் சத்தம் கொடுத்தால் போதும், மீதியை அதுவே சேர்த்துக்கொள்ளும்.

மாலையில் லெபோ பாசார் பக்கம் நடந்தபோது, என் தோழி சொல்லியிருந்த ஒரு மணவறைக் கலைஞரின் பட்டறைக்குப் போனோம். கடைவீதிக்குப் பின்னால் நீளமான ஒரு பழைய கட்டடம். உள்ளே தஞ்சாவூர்க் கோயில் தூண்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. கவின் ஒன்றை ஒரு கையால் தூக்கிவிட்டான். எல்லாம் வெள்ளை நுரைப்பலகை. சூடான கம்பியால் வெட்டி, பசையும் மணலும் பூசி, கருங்கல் மாதிரி வண்ணம் அடித்தது.

அண்ணன் எங்களுக்கு வேலையை நிறுத்திவிட்டுக் காட்டினார். வெறும் சாம்பல் நிறம் அடித்தால் அட்டை மாதிரித் தெரியுமாம். குழிவான இடமெல்லாம் முதலில் கறுப்பும் பழுப்பும் கலந்து அடிக்க வேண்டும். அது காய்வதற்குள் மேடான இடங்களை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அப்புறம் மேலே மட்டும் லேசாக வெளிர் நிறம். கோயில் தூணில் கை படும் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதையும் விடக் கூடாது. "கல்லுன்னு நெனைக்க வைக்கிறது கல்லு இல்ல டீச்சர், அந்த அழுக்குதான்" என்றார். முதல் வரிசை நாற்காலி எத்தனை அடி தள்ளி என்று கேட்டுவிட்டுத்தான் செதுக்கு வேலையின் ஆழத்தையே முடிவு செய்வாராம். "கிட்ட வந்தா தெரிஞ்சிடும். கிட்ட வர விடக் கூடாது."

நான் அவருக்கு ரப்பர் டாங்கியைப் பற்றிச் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. "நம்ம கிட்ட கேட்டிருந்தா யானையே பண்ணிக் கொடுத்திருப்போம்" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அந்த யானை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெருங்கதைக் காப்பியத்தில் உதயணனைப் பிடிக்க உஞ்சை அரசன் பிரச்சோதனன் அனுப்பியது எந்திர யானைதான். காட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள், உள்ளே ஆயுதத்தோடு வீரர்கள். உதயணன் யாழ் மீட்டி யானையை அடக்குகிறவன், யானை என்றால் உயிர். யாழோடு அதன் அருகே போனான், சிறைப்பட்டான். யானையைச் செய்தவன் யானையின் உருவத்தை மட்டும் படிக்கவில்லை. உதயணனின் ஆசையையும் படித்திருக்கிறான். அண்ணனுக்கு அந்தக் கதையைச் சொன்னபோது வேலை செய்துகொண்டிருந்த பையன்களும் கம்பியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

ஞாயிறு

பத்து மாவுங், போர் அருங்காட்சியகம். 1930களில் பிரிட்டிஷார் கட்டிய மலைக்கோட்டை. தீவின் தெற்குக் கடல்வழியைக் காக்க. பீரங்கி மேடைகள், குண்டு வைக்கும் அறைகள், குனிந்து போக வேண்டிய சுரங்கங்கள். ஒன்றில் கவின் கையும் காலுமாகத் தவழ்ந்து போய் மறுபக்கம் வந்தான். சட்டையெல்லாம் செம்மண். கான்கிரீட் மேல் பாசியும் வேரும் படர்ந்து, பத்தடி தள்ளி நின்றால் சுவர் எது, மண் எது என்று தெரியவில்லை.

கடலைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தக் கோட்டைக்குக் கடல் வழியாக யாரும் வரவில்லை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தெற்குத் தாய்லாந்திலும் இறங்கி, தரை வழியாக வந்தார்கள். எதிரி இப்படித்தான் வருவான் என்று ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த மேடையில் நின்றபோது புரிந்தது. போர்க்கால ஏமாற்றுக் கலை முழுவதும் எதிரியின் இந்தப் பழக்கத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. அவனுடைய எதிர்பார்ப்பைக் கண்டுபிடித்து, அதையே அவனுக்கு வரைந்து காட்டுவது.

நிழலான ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து அல் அலமைன் கதைக்கு வந்தேன். இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1942 செப்டம்பர், எகிப்துப் பாலைவனம். பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி வடக்கில் தாக்கப் போகிறார். எதிரி தெற்கில் தாக்குதல் வரும் என்று நம்ப வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத சமவெளி. இந்தப் பொறுப்பு ஜெஃப்ரி பார்க்கஸ் தலைமையில் இருந்த உருமறைப்புப் பிரிவுக்குப் போனது. பார்க்கஸ் சினிமாக்காரர். அவரோடு திட்டம் வகுத்தவர் டோனி ஐர்ட்டன், ஓவியர். திட்டத்தின் பெயர் பெர்ட்ரம்.

முதலில் லாரியின் மேல்பகுதி மாதிரி சட்டமும் துணியும் கொண்ட நூற்றுக்கணக்கான மூடிகளைச் செய்தார்கள். வடக்கில் நிஜ லாரிகளையும் இந்த மூடிகளையும் முன்கூட்டியே பரப்பிவைத்தார்கள். எதிரி விமானம் தினமும் வந்து படம் எடுத்தது. லாரிகள், அசையாத லாரிகள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அப்புறம் ஓர் இரவில் டாங்கிகள் வந்து அந்த மூடிகளுக்குள் புகுந்துகொண்டன. டாங்கிகள் கிளம்பி வந்த இடத்தில் அதே இரவில் பொம்மை டாங்கிகள் முளைத்தன. விடிந்து பார்த்தவனுக்கு எதுவும் மாறவில்லை.

பெட்ரோலை எங்கே ஒளிப்பது? ஒரு வருடம் முன்பே வெட்டி, கல் வைத்துக் கட்டிய பதுங்குகுழிகள் அங்கே இருந்தன. டின்களை அந்தச் சுவரை ஒட்டியே அடுக்கினார்கள். சுவர் ஒரு டின் அகலம் கூடியது, அவ்வளவுதான். தங்கள் ஆட்களையே விமானத்தில் அனுப்பித் தேடச் சொன்னார்கள், கண்டுபிடிக்க முடியவில்லை. 2,000 டன் பெட்ரோல், திறந்தவெளியில். பழைய கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போடுவது என்று இதை என் மாணவர்களுக்குச் சொல்வேன். நிழல் மாறாவிட்டால் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை.

தெற்கே போலித் தண்ணீர்க் குழாய் பதித்தார்கள். கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர். குழாய் என்பது நசுக்கிய காலி பெட்ரோல் டின்கள்தான். எட்டு கிலோமீட்டர் பள்ளம் தோண்டி, டின்களைப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு, இரவில் பள்ளத்தை மூடி, அதே டின்களை எடுத்து அடுத்த எட்டு கிலோமீட்டருக்குக் கொண்டுபோனார்கள். வேலை நடக்கும் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் நவம்பரில்தான் முடியும் என்று தோன்றும்படி மெதுவாகவே போட்டார்கள். காலத்தையும் வரைந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. தெற்கில் முனாசிப் என்ற இடத்தில் பொம்மைப் பீரங்கிகளை வைத்து, கவனிக்காமல் விட்டு, பொம்மை என்று எதிரிக்குத் தெரிய விட்டார்கள். தெரிந்த பிறகு ஓர் இரவில் பொம்மைகளை எடுத்துவிட்டு நிஜப் பீரங்கிகளை வைத்தார்கள்.

அக்டோபர் 23 இரவு தாக்குதல் தொடங்கியபோது ஜெர்மன் தளபதி ரோமல் ஆஸ்திரியாவில் சிகிச்சையில் இருந்தார். நவம்பர் 11 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் உருமறைப்பு வேலையைப் பாராட்டினார். மணவறை அண்ணன் சொன்னதும் அங்கே நடந்திருக்கிறது. எதிரி விமானங்கள் தாழ்ந்து வந்து நிதானமாகப் பார்க்க முடியாதபடி வானத்தைப் பிரிட்டிஷ் விமானப்படை கையில் வைத்திருந்தது. கிட்ட வர விடவில்லை.

கவின் ஒரு கேள்வி கேட்டான். "சரி பெரியம்மா, ஏமாத்துறதுக்கு ஒரு எல்லை இல்லையா?" இருக்கிறது. 1907 ஹேக் உடன்படிக்கை போர்த் தந்திரங்களை அனுமதிக்கிறது. ஆனால் வெள்ளைக்கொடியையும் செஞ்சிலுவைச் சின்னத்தையும் ஏமாற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. எம்டன் சுடும் முன் தன் கொடியை ஏற்றியதும் கடற்போரில் அப்படி ஓர் எல்லை இருந்ததால்தான். பொய்த் தூண் செய்யலாம், பொய்ச் சரணடைதல் செய்யக் கூடாது. ஏனென்றால் அதற்குப் பிறகு நிஜமாகச் சரணடைகிறவனையும் யாரும் நம்ப மாட்டார்கள். அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும்.

இரவுச் சாப்பாடு ஜெலுத்தோங்கில், என் சித்தி வீட்டில். மீன் கறி, ரசம். பேச்சு போரில் போய் நின்றது. சித்தியின் மாமியார் சிறுமியாக இருந்தபோது நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். 1941 டிசம்பர் 11, ஜார்ஜ்டவுன் மேல் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள், சிலர் விரல் விட்டு எண்ணினார்கள். அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்திராத கண்கள். குண்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது. அவர் குடும்பத்தில் திரும்பி வராதவர்கள் இருந்தார்கள். சித்தி அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திங்கள்

கடைசியாகக் கோர்ன்வாலிஸ் கோட்டை. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். பீரங்கிகளோடு படம் எடுத்துக்கொள்ளும் இடம் என்றுதான் பலருக்கும் தெரியும். நான் கவினைக் கூட்டிப்போனது கொடிக்கம்பத்துக்காக.

டிசம்பர் 11க்குப் பிறகும் விமானங்கள் வந்துகொண்டிருந்தன. டிசம்பர் 16 இரவுக்குள் பிரிட்டிஷார் தங்கள் படையையும் ஐரோப்பியக் குடும்பங்களையும் ரகசியமாகக் கப்பலேற்றிப் போய்விட்டார்கள். நம்மவர்களுக்கும் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. விடிந்ததும்தான் ஊர் கைவிடப்பட்டது தெரிந்தது. வானொலி நிலையத்தையும் படகுகளையும்கூட அழிக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். பின்னால் ஜப்பானியர் இரண்டையும் எடுத்துப் பயன்படுத்தினார்கள், வானொலியைப் பிரச்சாரத்துக்கும் படகுகளை மேற்குக் கரையில் தெற்கு நோக்கிப் போவதற்கும். கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டே இருந்தது.

மூன்று நாளாகக் கவினுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தக் கொடியோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். மேலிருந்து பார்க்கும் விமானிக்குக் கொடி என்றால் படை இருக்கிறது என்று பொருள். படை இல்லை, ஆனால் அடையாளம் இருக்கிறது. யாரும் திட்டமிடாமலேயே அது ஒரு பொம்மை டாங்கியாகிவிட்டது. பாலைவனத்தில் பொம்மை டாங்கி குண்டுகளை ஆளில்லாத மணலுக்கு இழுத்தது. இங்கே இந்தக் கொடி குண்டுகளை இழுத்தால் விழப்போவது குடும்பங்கள் வாழும் தெருக்களில்.

அதைப் புரிந்துகொண்டவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர். ஊரில் இருந்த எல்லா இனத்தவரையும் சேர்த்து ஒரு குழு அமைத்து, உணவு, ஒழுங்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். அவர் இந்தக் கோட்டைக்கு வந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். வானொலியில் பேசி, பினாங்கில் படை எதுவும் இல்லை என்று அறிவித்தார். ஜப்பானியப் படை டிசம்பர் 19 அன்று தீவுக்குள் வந்தது.

கவின் கம்பத்தின் கீழே நின்று மேலே பார்த்தான். "அவர் ஓவியர் இல்லையே" என்றான். இல்லைதான். ஆனால் எதிரி எதைப் பார்க்கிறான், எப்படிப் படிக்கிறான் என்று அவன் கண்ணால் பார்த்தவர். பார்க்கஸும் ஐர்ட்டனும் செய்ததும் அதையேதான், திசை மட்டும் வேறு. அவர்கள் பொய்யான ஓர் அடையாளத்தை வைத்து உயிர்களைக் காத்தார்கள், இவர் பொய்யாகிவிட்ட ஓர் அடையாளத்தை எடுத்துவிட்டு.

பேய்ப்படைக்காரர்களின் வேலை 1990கள் வரை ரகசியமாகவே வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில்தான் அமெரிக்க காங்கிரஸின் தங்கப் பதக்கம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது உயிரோடு இருந்தவர்கள் 7 பேர், விழாவுக்கு வர முடிந்தவர்கள் 3 பேர். சரவணமுத்துவை ஜப்பானியர் சிறையில் அடைத்தார்கள். போர் முடிந்த பிறகு மலாயாவில் இலங்கையின் ஆணையராகப் பணியாற்றினார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்து வருவதாக இருக்கிறோம். சுவரோவியம், அருங்காட்சியகம் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் முதலில் இந்தக் கொடிக்கம்பத்துக்குத்தான் கூட்டி வருவேன். சரவணமுத்து யார் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, பத்தாயிரம் அடி மேலே விமானத்தில் இருப்பவனுக்கு இந்தக் கோட்டை எப்படித் தெரியும் என்று வரையச் சொல்லப் போகிறேன். கொடியோடு ஒரு படம், கொடி இல்லாமல் ஒரு படம். பாடத்திட்டத்தைக் கவினே எழுதித் தருகிறேன் என்கிறான், ரயிலில் பாதி எழுதியும்விட்டான்.